பதில் கேட்பதில் பிழையில்லை, மகள்!



ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் படித்து முடித்து ஒரு நிறுவனத்தில் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்தாளாம். "முடிவை அறிவிப்போம்" என்று சொல்லி அனுப்பினார்களாம். ஒரு மாதம் கழிந்துவிட்டது. பதில் இல்லை. "நாமாகக் கேட்கலாமா மௌலவி? கேட்டால் பிள்ளையைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ?" என்பது அவருடைய கேள்வி.

இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தாய் என்னிடம் நேரில் கேட்டார். நான் பதிலும் சொன்னேன். அது பிழையான பதில். அதனால் ஒரு பிள்ளையின் தொழில் கைதவறிப் போனது. ஆகவே இம்முறை நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பதிலுக்கு வருகிறேன்.

அந்தக் குடும்பம் எங்களைப் போன்றதுதான். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. பையொன்றும் குர்ஆனுமாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவர்களில் அவர்களும் ஒரு குடும்பம். சோனகத் தெருவில் பாதி இடிந்த வீட்டைத் திருத்திக்கொண்டு குடியேறினார்கள். வாப்பாவுக்குப் பழைய இரும்பு வியாபாரம், கூடவே சீனி வருத்தம். பிள்ளைகள் நால்வர். மூத்தவள்தான் இந்த மகள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, கணக்கியல் வகுப்பும் முடித்திருந்தாள்.

கோப்பாயில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. உம்மாவும் மகளும் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, கல்வியங்காடு, இருபாலை தாண்டி, கோப்பாயில் இறங்கிப் போனார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். ஒரு மாதிரிக் கணக்கைச் செய்யச் சொன்னார்களாம். பிள்ளை சந்தோஷத்தோடு வீடு வந்தாள்.

இரண்டு கிழமை கழிந்தது. மகளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு போன் எடுத்துக் கேட்கட்டுமா உம்மா?" என்றாள். உம்மா என்னிடம் மஷூரா கேட்க வந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பெண்பிள்ளை வலிந்து போன் எடுப்பது அழகில்லை. ரிஸ்க் எழுதப்பட்டிருந்தால் அது வீடு தேடி வரும். சபர் செய்யச் சொல்லுங்கள்."

ரிஸ்க் வீடு தேடித்தான் வந்தது, சகோதரிகளே! ஆனால், வந்த வீடு வேறு. பிள்ளையின் அடையாள அட்டையில் இருந்தது புத்தளத்து முகவரி. அதையே விண்ணப்பத்திலும் எழுதியிருந்தாள். நியமனக் கடிதம் புத்தளத்தில், இப்போது வேறு யாரோ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போனது. பெண்பிள்ளையின் இலக்கத்தை வெளியே கொடுப்பதா என்ற எண்ணத்தில் தொலைபேசி இலக்கமாக நானாவுடையதைக் கொடுத்திருந்தார்கள். நானா இடையில் சிம்மை மாற்றிவிட்டார். பெருநாளைக்குப் புத்தளம் போன உறவினர் ஒருவர்தான் அந்தக் கடிதத்தை எடுத்து வந்தார். உறையைப் பிரித்தால், மூலச் சான்றிதழ்களோடு வந்து வேலையைப் பொறுப்பேற்கும்படி எழுதியிருந்தது. கொடுத்திருந்த திகதி கடந்து மூன்று கிழமை!

அதன் பிறகுதான் பிள்ளை போன் எடுத்தாள். எதிர்முனையில் இருந்த பெண் இலிகிதர் அன்பாகவே சொன்னாராம்: "பத்து நாள் பார்த்தோம். பதில் இல்லாததால் அடுத்தவரை எடுத்துவிட்டோம். ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி."

இதை உம்மா என்னிடம் வந்து சொன்னபோது அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நஸீப் இல்லை மௌலவி" என்றார். எனக்கு அது இன்னும் வலித்தது. நஸீபை நம்புவது வேறு, நம்முடைய கவனக்குறைவை நஸீபின் தலையில் போடுவது வேறு.

நாணம் என்பது வாய் மூடுவதா?

அன்றிரவு சூரத்துல் கஸஸில் மத்யன் நகரத்துச் சம்பவத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வயது முதிர்ந்த தந்தையின் இரண்டு பெண்மக்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வெளியே வருகிறார்கள். மூஸா (அலை) உதவுகிறார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து, தந்தை அழைக்கிறார் என்ற செய்தியைத் தானே சொல்கிறாள். இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர்தான் வேலைக்குச் சிறந்தவர் என்று தந்தைக்கு யோசனை சொல்வதும் அவர்களில் ஒரு மகள்தான்.

இந்தச் சம்பவத்தை எத்தனையோ தடவை வகுப்பில் ஓதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும், நடையில் நாணமும் வாயில் தெளிவான பேச்சும் ஒரே பெண்ணிடம் இருந்ததை அன்றுதான் நின்று கவனித்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை ஜும்ஆவில் சொல்லும் நான், அந்தப் பிள்ளையிடம் கயிற்றைக் கையில் எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனிக் கேள்விக்கு வருவோம். கேட்கலாமா? கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால், கேட்பதற்கு நேரமும் முறையும் அளவும் இருக்கின்றன. தொழில் செய்யும் சகோதரிகள் பலரிடமும் விசாரித்து அறிந்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். வீட்டில் வேலை தேடும் பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுங்கள்.

கதிரையை விட்டு எழும்பும் முன்

நேர்முகம் முடியும்போது "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்பார்கள். நம் பிள்ளைகள் "இல்லை" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். மூன்று விடயங்களைக் கேட்டு வரவேண்டும். முடிவு எப்போது தெரியும்? கடிதம் மூலமா, தொலைபேசி மூலமா அறிவிப்பார்கள்? அதற்குள் ஏதும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாரோடு பேசுவது?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், பின்னால் கேட்பது தொந்தரவாகாது. அவர்களே கொடுத்த திகதிக்கு, அவர்களே சொன்ன ஆளிடம் கேட்கிறோம். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நிறுவனம், பதவி, நேர்முகத் திகதி, கேள்வி கேட்டவர்களின் பெயர், அவர்கள் சொன்ன தவணை. இரவு படுக்கும் முன் கேட்கப்பட்ட கேள்விகளையும் சரியாகச் சொல்ல முடியாமல் போனவற்றையும் எழுதுங்கள். அடுத்த நேர்முகத்துக்கு அதுவே பாடப்புத்தகம்.

நன்றிக் கடிதம்

அமெரிக்கா போன்ற நாடுகளில் நேர்முகம் முடிந்து ஒரு நாளுக்குள் நன்றி தெரிவித்துச் சிறு கடிதம் அனுப்புவது வழக்கம். நம் நாட்டில் அது அவ்வளவு பழக்கமில்லை. பழக்கமில்லாததால்தான் எழுதுகிறவரை நினைவில் வைத்துக்கொள்வார்கள். மறுநாளே மின்னஞ்சலில் அனுப்பலாம், அல்லது தபாலில் போடலாம். நான்கைந்து வரிகள் போதும். மாதிரிக்கு ஒன்று:

"மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு, கணக்கு உதவியாளர் பதவிக்காக இம்மாதம் 12ஆம் திகதி நடைபெற்ற நேர்முகப் பரீட்சையில் கலந்துகொள்ளச் சந்தர்ப்பம் தந்தமைக்கு நன்றி. மாத முடிவுக் கணக்குகள் தங்கள் நிறுவனத்தில் தயாரிக்கப்படும் முறையைத் தாங்கள் விளக்கிய பின் இத்தொழிலில் எனக்குள்ள விருப்பம் மேலும் கூடியிருக்கிறது. அன்று தாங்கள் கேட்ட கணினிச் சான்றிதழின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். எனது தற்போதைய முகவரியும் தொலைபேசி இலக்கமும் கீழே உள்ளன."

கடைசி வரியைக் கவனியுங்கள். புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலுமாக இரண்டு முகவரியோடு வாழும் நம் குடும்பங்களுக்கு அந்த ஒரு வரி மிக அவசியம். அந்தப் பிள்ளை இப்படியொரு கடிதம் போட்டிருந்தால் நியமனக் கடிதம் சோனகத் தெருவுக்கே வந்திருக்கும்.

கடிதத்தில் கெஞ்ச வேண்டாம். வீட்டுக் கஷ்டம், வாப்பாவின் வருத்தம் ஒன்றையும் எழுத வேண்டாம். தொழில் ஸதகா அல்ல. உழைப்புக்குத்தான் ஊதியம்.

தொலைபேசியில் பேசும் முறை

அவர்கள் சொன்ன தவணை வரை காத்திருங்கள். சபர் என்பது இந்த இடத்தில்தான். தவணை கடந்து மூன்று நான்கு வேலை நாட்கள் விடுங்கள். தவணையே சொல்லவில்லையானால் இரண்டு கிழமை பொறுக்கலாம். பிறகு காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடையில் அழையுங்கள். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் பரபரப்பாக இருக்கும், அதைத் தவிர்ப்பது நல்லது. வீட்டில் தம்பிமார் சத்தம் போடாத மூலையில் இருந்து, கொப்பியும் பேனையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"வணக்கம். என் பெயர் இன்னது. கணக்கு உதவியாளர் பதவிக்கு 12ஆம் திகதி நேர்முகத்துக்கு வந்திருந்தேன். இரண்டு கிழமையில் அறிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். முடிவாகிவிட்டதா என்று அறியலாமா?"

இவ்வளவுதான். அரை நிமிடம் ஆகாது. மூன்று விதமான பதில்களில் ஒன்று வரும். "இன்னும் முடிவில்லை" என்றால், "எப்போது மீண்டும் அழைக்கலாம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "கடிதம் அனுப்பிவிட்டோம்" என்றால், எந்த முகவரிக்கு என்று உடனே கேளுங்கள். "வேறொருவரை எடுத்துவிட்டோம்" என்றால், நன்றி சொல்லுங்கள். சொன்ன பிறகு, "அடுத்த முறைக்கு நான் எதில் திருந்த வேண்டும் என்று சொல்ல முடியுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எல்லோரும் பதில் சொல்லமாட்டார்கள். சொல்லுகிறவர் கிடைத்தால் அது இலவசப் பாடம்.

அளவும் முக்கியம். ஒரு நன்றிக் கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு கடிதம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு தரம் அழைப்பதும், முகாமையாளரின் வீட்டுக்குப் போவதும், இரவில் வாட்ஸ்அப்பில் செய்தி போடுவதும் கிடைக்க இருந்ததையும் கெடுத்துவிடும். காத்திருக்கும் நாட்களில் வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். வேறிடத்தில் தொழில் கிடைத்துவிட்டால் முதலாமிடத்துக்கு ஒரு வரி அறிவியுங்கள். அவர்கள் நமக்காகக் காத்திருக்கலாம் அல்லவா?

அரசாங்கத் தொழில் என்றால்

கோப்பாய் என்றதும் பலருக்கு ஆசிரியத் தொழில்தான் நினைவுக்கு வரும். ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. நம் பிள்ளைகள் பலருக்கும் அரசாங்க ஆசிரியராவதே கனவு. அரசாங்க நேர்முகத்தில் முறை கொஞ்சம் வேறு. அங்கே தகைமைக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை என்று புள்ளித் திட்டம் இருக்கும். நன்றிக் கடிதத்தால் புள்ளி கூடாது. நேர்முகச் சபையில் இருந்தவரைத் தேடிப் போவது முறையுமல்ல.

அங்கே செய்ய வேண்டியது வேறு. விண்ணப்பத்தின் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, நேர்முக அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கள். முகவரி மாறினால், விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு உடனே பதிவுத் தபாலில் அறிவியுங்கள்.

மாதக் கணக்கில் பதிலே இல்லையென்றால் சட்டம் உங்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நான் தோற்றிய நேர்முகத்தின் முடிவு என்ன, எனக்குக் கிடைத்த புள்ளி எவ்வளவு என்று அவரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா, மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். சாதாரண தனியார் கம்பனிகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. அரசாங்கத் தொழிலில் பாகுபாடு காட்டப்பட்டது என்று தோன்றினால், அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. ஆகவே பாகுபாடு என்ற சந்தேகம் வந்த உடனேயே சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள். பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வாய் திறக்காமல் வீட்டில் இருந்தால் இந்த நாட்கள் நமக்குத் தெரியாமலே கழிந்துவிடும்.

கேட்பது வேறு, பிடிப்பது வேறு

"போன் எடுத்துக் கேட்பதை விட, தெரிந்த ஆளைப் பிடித்தால் என்ன?" என்று சில வாப்பாமார் நினைப்பார்கள். எம்.பி.யின் கடிதம், கந்தோரில் உள்ள மச்சான், உறைக்குள் கொஞ்சம் காசு. சகோதரிகளே, பதில் கேட்பது நம் உரிமை. ஆள் பிடிப்பதோ, தகுதியுள்ள இன்னொரு தாயின் பிள்ளைக்குரிய இடத்தைப் பறிப்பது. இலஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் வாங்கிய அரிசி வீட்டில் வேக வேண்டுமா?

பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்றும் உண்டு. நேர்முகம் முடிந்த பின் யாராவது இரவில் அழைத்து, "தனியாக வந்து பாருங்கள், வேலையை முடித்துத் தருகிறேன்" என்றால், அதுவும் இலஞ்சம் கேட்பதுதான். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைத் தனிக் குற்றமாகவே சொல்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். உம்மாமாரே, மகள் இப்படியொன்றைச் சொன்னால் "இனி நீ வேலைக்கே போக வேண்டாம்" என்று அவளைத் தண்டிக்காதீர்கள். குற்றம் செய்தவன் வேறு ஒருவன்.

வீட்டாருக்கு ஒரு சொல்

பிள்ளைக்காக நானாவோ கணவரோ போன் எடுத்து விசாரிப்பது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால், தொழில் கொடுப்பவர் என்ன நினைப்பார்? தன் விடயத்தைத் தானே கேட்காத பிள்ளை, நாளை வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவாள் என்று நினைப்பார். பக்கத்தில் இருந்து தைரியம் கொடுங்கள். பேச்சை அவளிடம் விடுங்கள். விண்ணப்பத்தில் அவளுடைய இலக்கத்தையே எழுதுங்கள். பயமாக இருந்தால் தொழில் தேடுவதற்கென்று தனியாக ஒரு சிம் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அடுத்த நேர்முகத்துக்குப் போனபோது தவணையைக் கேட்டு வந்தாள். தவணை கடந்ததும் தானே போன் எடுத்தாள். கிடைத்த பதில் "இல்லை" என்பதுதான். ஆனால், கணினியில் கணக்கு வைக்கும் பயிற்சி போதாது என்ற காரணத்தையும் சொன்னார்கள். அதைப் படித்தாள். அதற்குப் பிறகு மூன்றாவது இடத்தில் தொழில் கிடைத்தது. முதல் சம்பளத்தில் வாப்பாவுக்கு மருந்தும் தம்பிமாருக்குச் சப்பாத்தும் வாங்கினாளாம். எனக்கும் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வந்தது. அதை வாங்கும்போது என் கை கூசியது. கோப்பாயில் அவள் இழந்தது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். அந்தக் கணக்கில் என் பங்கும் இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரியே! ஒரு மாதம் காத்திருந்தது போதும். நாளை காலை பத்து மணிக்கு மகளைத் தன் குரலில், தன் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் எந்த முகவரியை எழுதினாள் என்பதையும் இன்றிரவே பார்த்துவிடுங்கள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து துஆ செய்யுங்கள். நானும் செய்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.